ரதகோந்த் ஏன் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள்

கோந்த்ரான் லவாசியேருக்குச் சிறுவர்களைப் பிடிக்காது. ஆனால் சிறுவர்களுக்காக ‘உப்புக் கதவு’ என்ற மாயக்கதை வரிசையில் ஒன்பது நாவல் எழுதியவர் என்று பிரான்ஸ் முழுக்கப் பெயர். முதல் இரண்டை அவரே எழுதினார். மீதி ஏழையும் எழுதியவள் நான், ஓடில். அட்டையில் என் பெயர் கிடையாது. உள்ளே நன்றி சொல்லும் பக்கத்தில்கூட அவருடைய பூனைக்குத்தான் இடம்.

அன்று காலை ப்ரெசினி ஊருக்குக் காரை ஓட்டியதும் நான்தான். அங்கே கட்டி முடித்த புதிய நூலகத்துக்கு அவர் பெயரை வைப்பதாக ஏற்பாடு. மனிதர் குளிர்ந்திருக்கிற நேரம் இதுதான் என்று நினைத்து, பத்தாவது பாகத்தின் அட்டையிலாவது என் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டேன். பொடி எழுத்தில் போட்டாலும் போதும் என்றேன். ஏழு வருடமாகத் தொண்டைக்குள் நின்ற கேள்வி.

“பசங்களப் போட்டுக் குழப்பாத, ஓடில்” என்றார். “அவங்களுக்கு நான்தான் மந்திரவாதி. மந்திரவாதிக்கு ரெண்டு தலை இருக்குமா?”

“கை மட்டும் வேற ஆளோடதா இருக்கலாமா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஓட்டினேன்.

மேயர் பெலிகார் மூவண்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நகர்மன்ற வாசலிலேயே நின்றார். ப்ரெசினியில் சிறுவர் நகர்மன்றம் ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இருபத்துமூன்று குட்டி உறுப்பினர்கள். வழக்கமாக அவர்களுக்குப் பூங்கா பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற அளவுக்குத்தான் அதிகாரம். பத்திரிகையில் படம் வரட்டும் என்று மேயர் இந்த முறை நூலகத்தின் பெயரையே அவர்களிடம் விட்டுவிட்டார். அதோடு நிறுத்தினாரா? பெரியவர்கள் தேர்தலில் உள்ளதுபோலவே கண்ணாடிப் பெட்டி, உறை, திரை போட்ட மறைவிடம் எல்லாம் வைத்தார். கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் மேயரின் முகத்தைப் பார்த்துத் தூக்கியிருப்பார்கள். திரைக்குப் பின்னால் போனவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்?

மேசையில் மூன்று வகைச் சீட்டுகள் இருந்தன. ஒன்றில் லவாசியேர். இன்னொன்றில் எப்போதோ செத்துப்போன ஒரு தளபதி. மூன்றாவது பிள்ளைகளே முன்மொழிந்தது: ரதகோந்த்.

“அதுவும் உங்க கதையில வர்ற சமையக்காரிதானே சார்” என்று மேயர் சமாதானம் சொன்னார். “சும்மா, பசங்க ஆசைக்கு வெச்சது.”

கோந்த்ரான் என் காதருகே குனிந்தார். “யாரு இந்த ரதகோந்த்?”

“ஏழு பாகமா சூப் காய்ச்சுறா” என்றேன்.

வாக்கெடுப்புக்கு முன்னால் அவர் பேசினார். கற்பனை என்பது தனக்குச் சிறுவயதிலேயே வந்த நோய் என்றார். என்னிடமிருந்து ஒருபோதும் அது அவருக்குத் தொற்றவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். பிறகு தலைமை நாற்காலியில் இருந்த மாய்லிஸ் என்ற பத்து வயதுப் பெண் கை உயர்த்தினாள்.

“சார், ரதகோந்த் ஏன் எப்பவும் நின்னுக்கிட்டே சாப்பிடுறா? அவ வர்ற எல்லாப் பாகத்துலயும் அப்படித்தான். அரண்மனையில நாற்காலி குடுத்தாக்கூட உக்கார மாட்டேங்குறா.”

கோந்த்ரான் என்னைப் பார்த்தார். இம்மாதிரிக் கூட்டங்களில் நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, பதிலைத் துண்டுத்தாளில் எழுதித் தள்ளுவேன். அன்றும் தாள் இருந்தது. பென்சில் இருந்தது. பதிலும் இருந்தது. நான் பென்சிலைப் பைக்குள் போட்டு மூடினேன். பயமாக இருந்தது. பயத்தைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது.

“அதும்மா...” என்று கனைத்தார். “அவளுக்கு முட்டி வலி.”

“முட்டி வலிச்சா உக்காரத்தானே சார் செய்வாங்க?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“எங்க தாத்தா உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டாரு” என்றது இன்னொன்று. மேயர் மணியடித்தார். சிரிப்பு அடங்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளையும் திரைக்குள் போய் வந்து உறையைப் பெட்டியில் போட, மாய்லிஸ் சட்டப்படி “வாக்களித்தார்!” என்று கத்தினாள். எண்ணினார்கள். ரதகோந்துக்குப் பதினெட்டு. தளபதிக்கு மூன்று. லவாசியேருக்கு இரண்டு, அதில் ஒன்று மேயரின் மகன் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். செத்தவனுக்கும் கீழே போய்விட்டார் மனிதர்.

ஆனால் அவர் லேசுப்பட்டவரா? எழுந்தார். கண்ணைத் துடைத்தார். “ரதகோந்த் என் மகள் மாதிரி. அவ ஜெயிச்சா நான் ஜெயிச்சேன்!” என்றார். கைதட்டல். மேயர் அந்தச் சூட்டிலேயே, பெயர்ப்பலகையில் ‘படைத்தவர்: கோந்த்ரான் லவாசியேர்’ என்றும் பொறிக்கப்படும் என்று அறிவித்தார். என் சந்தோஷமெல்லாம் அந்த நிமிடமே வடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நான் கண்டது, என் சமையல்காரியையும் அவருக்குக் கல்வெட்டிலேயே தாரை வார்த்ததுதான்.

விருந்துக்காக வெள்ளை ஒயின் புட்டிகளைத் திறக்கும்போது மாய்லிஸ் ஏழாம் பாகத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள். கூடவே கேட்டாள்: “இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க சார். ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடுறா?”

பேனாவைத் திறந்துகொண்டிருந்த கோந்த்ரானின் கண் ஒயின் மேசையில் இருந்தது. “இவங்கள்ட்ட கேளு. இவங்களுக்கு இந்த மாதிரிச் சில்லறை விஷயமெல்லாம் ஞாபகம் இருக்கும்.”

“எங்கம்மா பள்ளிக்கூட உணவகத்துல சமைச்சாங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “இருபத்தெட்டு வருஷம். பிள்ளைங்கள்ல யாராவது இன்னும் கொஞ்சம் கேப்பாங்கன்னு கரண்டியக் கீழ வெக்காம நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாங்க. வேற மாதிரி சாப்பிடுற சமையக்காரிய எனக்கு எழுதத் தெரியல.”

மாய்லிஸ் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புத்தகத்தை அவர் முன்னாலிருந்து இழுத்து, பேனாவையும் அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டையும் என் முன்னால் வைத்தாள்.

“அப்ப நீங்க போடுங்க மேடம்.”

ஏழு புத்தகம் எழுதியவளுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக என் பெயரை எழுதினேன். பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டத் தொடங்கினார்கள்.

“அது என்னோட பேனா” என்றார் கோந்த்ரான்.