ஒட்டக வேஷம்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் துரைசானி கிறிஸ்துமஸ் நாடகம் போட்டாள். வேஷம் பிரித்துக் கொடுத்தவள் காய் எடுக்கிற செல்லக்கிளி. நாளெல்லாம் "வெரசா, வெரசா" என்று ஆட்களை விரட்டும் கங்காணி பேச்சிமுத்து, தனக்குப் பெரிய வேஷமாக வேண்டுமென்றார்.

"ஒட்டகந்தாண்ணே எல்லாத்துலயும் பெருசு. ராசாவே அதை நம்பித்தான் வர்றாரு," என்றாள் செல்லக்கிளி.

ஒட்டகத்தை அவர் எங்கே கண்டார்? சாக்கைப் போர்த்திக்கொண்டு நாலுகாலில் நின்றார். ராஜா வேஷத்தில் வந்த அவள் புருஷன், தோட்டத்திலேயே கனத்த ஆள், முதுகில் ஏறிக் குந்தினான். முன்வரிசையில் துரை, உதறிவிட்டு எழுந்திருக்க முடியுமா?

"வெரசா நட," என்று ராஜா குச்சியால் தட்டினான். துரைசானி சிரித்துச் சிரித்து இன்னொரு சுற்று வரச்சொன்னாள்.

மறுநாள் ஏலக்காட்டில் கங்காணி, "வெ..." என்று வாயெடுத்தார். செல்லக்கிளி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மீதியை வெற்றிலைச் சாற்றோடு விழுங்கிவிட்டார்.