மூத்தவள் சிரித்துக்கொண்டே செத்த படம்

"ஒடம்புக்கு என்னம்மா பண்ணுது? ஒரு மாதிரியா இருக்கியே?" என்று மாமியார் ரெங்கம்மாள் கேட்டபோது, கமலவேணி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகக் கிணற்றடியிலிருந்து விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள்.

"எனக்கென்ன அத்தை, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லாத்தான் இருப்ப. உள்ளுக்குள்ள என்ன இருக்கோ, யாரு கண்டா?"

கமலவேணி குடத்தை இறக்கி வைத்தாள். காய்ச்சலில் கிடந்த மருமகளை நடவுக்கு எழுப்பிவிட்ட மாமியார் இவள். அந்த வாயிலிருந்து அக்கறை வந்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

எல்லாம் நேற்று பார்த்த படத்தால் வந்த வினை. விக்கிரமங்கலத்து டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்கே கூட்டம் தாங்கவில்லை. பிள்ளை இல்லாத மூத்தவள், தன் தங்கையின் கையைப் பிடித்துப் புருஷன் கையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உயிரை விடுவாள். அடுத்த காட்சியில் தொட்டில் ஆடும். 'சுபம்' என்று எழுத்து விழும். ஜனம் மூக்கைச் சிந்திக்கொண்டே கைதட்டியது. கமலவேணியும்தான் தட்டினாள், பொய் சொல்வானேன். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தபோதுதான், தெருப் பெண்கள் தன்னையும் தங்கை கொளஞ்சியையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்தாள்.

கொளஞ்சி பத்தாவது படிக்கிறவள். அவளையும் அப்பா அம்மாவையும் பிறந்த ஊரான திருமழபாடிக்கே வண்டி கட்டிப் போய்ப் படம் பார்க்கக் கூட்டிவந்தவன் கமலவேணியின் புருஷன் பாலசுந்தரம். மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்? பிள்ளை இல்லையே என்று கமலவேணி அரியலூருக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "உனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று சொல்லியனுப்பினார்கள். "நான் எதுக்குடி வரணும்?" என்று அன்றைக்கு எகிறியவனும் இதே பாலசுந்தரம்தான்.

அடுப்படியில் அம்மா குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லுடி, கொளஞ்சிய மாப்பிள்ளைக்கே கட்டிக் குடுத்துருவோம். அசல்ல இருந்து ஒருத்தி வந்தா ஒன்னைய வெரட்டிருவா. இவ ஒங்கூடப் பொறந்தவ. படத்துல பாத்தியில்ல, எம்புட்டு நல்லபடியா முடிஞ்சுது!"

"அதுல அக்காக்காரி செத்துப் போறாம்மா."

குஞ்சம்மாள் யோசித்தாள். "ஆமால்ல?" என்றாள். "ஆனா எவ்வளவு சந்தோஷமாப் போனா, மவராசி."

கமலவேணி கையை விடுவித்துக்கொண்டாள். பெற்றவளுக்கே அந்தச் சாவு மறந்துபோயிருக்கிறது. மூத்தவள் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கதை நல்லபடியாக முடியும். அதற்கும் சேர்த்துத்தான் ஊர் கைதட்டியிருக்கிறது. மாமியார் காலையில் உடம்பை விசாரித்தது எதற்கு என்று இப்போது விளங்கியது.

கூடத்துக்கு வந்தால், வாசல் அடைத்துத் தெருப் பெண்கள் நின்றார்கள். வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. அப்பா அய்யம்பெருமாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாலசுந்தரம் புது வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரி, படத்தில் பார்த்தபடியே தலையைக் குனிந்துகொண்டிருந்தான். யாருடைய சேலையையோ சுற்றிவிட்டிருந்த கொளஞ்சி மூலையில் நின்றாள்.

"கமலா, ஒங்கையாலயே புடிச்சுக் குடுத்துரு ஆத்தா. அதான் அழகு" என்றாள் ரெங்கம்மாள்.

கமலவேணி தங்கையிடம் போனாள். "ஒனக்கு இதுல இஷ்டமா கொளஞ்சி?"

அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கொளஞ்சி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "வேணாம்க்கா" என்றாள்.

கமலவேணி அவள் கையைப் பிடித்தாள். வாசலில் நின்றவர்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். பாலசுந்தரம் வலது கையை மெல்ல நீட்டினான். அக்காளும் தங்கையும் அந்தக் கையைத் தாண்டி நடந்தார்கள்.

"ஏய்! படியத் தாண்டுனா திரும்ப வர முடியாது, பாத்துக்க!" என்று கத்தினான் பாலசுந்தரம்.

"தெரியுங்க."

"எம் மொகத்துலயும் முழிக்காத" என்றார் அய்யம்பெருமாள், சுவரைப் பார்த்தபடியே.

அந்தச் சொல்லில் அவள் ஒரு நொடி நின்றது உண்மை. புருஷன் வீடும் போயிற்று, பிறந்த வீடும் போயிற்று. பஸ் ஏறி எங்கே இறங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பிடித்த கையை விடாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அரியலூர் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

வாசலில் நின்ற ஒருத்தி, அழுவதற்கென்று எடுத்த முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எவ்வளவு நல்லபடியா முடிய வேண்டியது! கெடுத்துட்டாளே பாவி!"