முள்ளனின் குரல்

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடித்துவிடும். அதனால் டிவி கம்பெனியின் வக்கீல் வீட்டுக்கு வருகிறார் என்றதும், வாயை அடக்குவேன் என்று மனைவி என்னிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். 'முள்ளன்' என்ற பழைய கார்ட்டூனை நான் இணையத்தில் ஏற்றியது திருட்டாம்.

திருட்டாவது மண்ணாவது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்த முள்ளம்பன்றிக் கதை அது. முள்ளன் யாருக்கும் பணிய மாட்டான், எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுவான். அவனுக்குக் குரல் கொடுத்தது என் அம்மா. போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. அந்தக் குரல் வீட்டில் வேறெங்கும் பதிவில் இல்லை. அம்மா திட்டியதையெல்லாம் யார் பிடித்து வைத்தோம்? முள்ளன் கிடைத்தால்தான் உண்டு.

தேடினேன். ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம் பழைய வீடியோ கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். சிலர் ஏற இறங்கப் பார்த்தார்கள், சிலர் பரணைக் காட்டினார்கள். பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல் மரத்துப்போனது. ஒரு வீடியோக்காரர் கொடுத்த கேசட்டில் பாதி கல்யாணம், பாதி முள்ளன். மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் முள்ளம்பன்றி வந்து பேசியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மனைவி முணுமுணுத்தாள். ஆனால் எல்லாவற்றையும் ஈரம் படாமல் அடுக்கி வைத்தவளும் அவள்தான்.

வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். இணையத்தில் இருப்பதை அழிக்க வேண்டும், கேசட்டுகளையும் ஒப்படைக்க வேண்டும் என்றார். உங்கள் பிரதி எங்கே என்று கேட்டேன். நெளிந்தார். நாடாவுக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் அதன்மேல் வானிலைச் செய்தியைப் பதிந்துவிட்டார்களாம். மழை வருமா வராதா என்று சொல்வதற்காக என் அம்மாவை அழித்திருக்கிறார்கள். தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்பது இவர்களைத்தான்.

"உங்க கேசட்டுல இருக்குற படத்தை நல்லா சுத்தம் பண்ணித் திரும்பப் போடப்போறோம் சார். குரல் மட்டும் வேற ஆளை வச்சுப் புதுசா போட்டுருவோம். பழசு ரொம்பக் கரகரன்னு இருக்கு."

சத்தியமெல்லாம் காற்றில் பறந்தது.

"கேஸ் போடுங்க, ஜெயிலுக்குக்கூட அனுப்புங்க. நான் அழிக்க மாட்டேன். நீங்க ஒரு இடத்துல எடுத்தா நான் ஒன்பது இடத்துல போடுவேன்."

என் கூச்சலைக் கேட்டு அம்மா உள்ளிருந்து வந்தாள். வக்கீல் எழுந்து நின்று நலம் விசாரித்தார். கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா டிவியில் நான் ஏற்றிய கார்ட்டூனைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முள்ளன் வந்து ஓநாயோடு மல்லுக்கு நின்றான். அம்மாவின் உதடுகள் அசையத் தொடங்கின, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அன்று முள்ளனின் வாயசைவுக்குக் குரல் கொடுத்தவள், இன்று அந்தக் குரலுக்கு வாயசைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவங்களா அது?" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"இவங்கதான்."

அவர் முகம் வாடியது. ஆனாலும் கம்பெனி சொல்வதைத்தான் தான் செய்ய முடியும், நோட்டீஸ் வரும் என்றார். வரட்டும் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவர், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.