கண்ணாடிக்கு முதுகு

சலூன் டிவியில் தீர்ப்பு வந்தபோது மாஸ்டர் பலசரக்குக் கடைக்காரரின் தாடையில் சவரக்கத்தியை வைத்திருந்தார். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது இனிக் குற்றமில்லை என்று செய்தி வாசித்தவள் சொன்னாள். கத்தி நின்றது. பக்கத்து நாற்காலியில் கத்தரிக்கோல் சத்தமும் நின்றது.

அங்கே முடிவெட்டிக்கொண்டிருந்தவனைத் தெருவே ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். தூரத்துச் சொந்தம், ஒண்டிக்கட்டை, கடைக்கு ஒத்தாசையாக வந்தவன் என்று ஊரை நம்பவைத்தது மாஸ்டர். உண்மையில் மாடி அறையில் இருவருக்கும் ஒரே கட்டில். “சட்டம் மட்டும் மாறட்டும், நீ எனக்கு யாருன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்” என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவனும் நம்பினான்.

கடைக்காரர் நுரைக்குள்ளிருந்து சிரித்தார். “என்ன மாஸ்டர், உங்க ரெண்டு பேருக்கும் விடிவுகாலம்தான் போல! ஒரே வீடு, ஒரே சமையல்... எப்ப கல்யாணச் சாப்பாடு?”

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெறும் கேலிதான், மனசில் எதுவும் வைத்துச் சொன்னதல்ல. மாஸ்டர் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும்.

“சீச்சீ, வாயைக் கழுவுங்கண்ணே.” எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார் மாஸ்டர். “நானே இவனுக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருக்கேன். அந்தக் கருமமெல்லாம் நம்ம கடையில எதுக்கு? சேனலை மாத்துடா தம்பி.”

தம்பி மாற்றினான். ஏதோ பாட்டு வந்தது.

சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கியதும், வழக்கம்போல அவனுக்கு முடிவெட்டப் போர்வைத்துணியை உதறினார் மாஸ்டர். மாதத்துக்கு ஒருமுறை ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். நேரில் வாயில் வராத பேச்செல்லாம் அப்போது கண்ணாடி வழியாக வரும்.

அவன் நாற்காலியைச் சுழற்றி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“என்னடா இது?”

“வெட்டுங்க மாஸ்டர்.”

தனியாக இருக்கும்போது ‘நீ, வா, போ’தான். ‘மாஸ்டர்’ எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் மட்டும்.

துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டார். விரல் பட்டதும் கழுத்து லேசாக விலகியது. ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“இனிமே எந்தச் சட்டம் மாறணும்?” என்று கேட்டான் அவன், கோபமே இல்லாமல்.

மாஸ்டர் நிமிர்ந்தார். கண்ணாடியில் அவனுடைய பின்னந்தலை. அதற்கு மேலே தன் முகம், மத்தியானம் சிரித்த அதே வாயோடு.

அதற்குமேல் பார்க்க முடியவில்லை. தலைகுனிந்து சீப்பை எடுத்தார்.