மழையைத்தான் முதலில் எடுத்தேன்

ஒரு கம்ப்யூட்டர் வாங்க நான் இரண்டு மாதம் படித்தேன். என் கணவர் இரண்டு நிமிடம் படித்தார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்றால் அவர்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர்; அங்கே பிரிண்டரில் காகிதம் சிக்கினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையில் நாத்தனார் வீடு, சித்தப்பா வீடு என்று எல்லார் வீட்டிலும் ஒயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு காபி குடித்துவிட்டு வருவார். நான் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்திருந்தேன். ஆரம்பத்தில் செல்லமாகத்தான்.

நான் சமையலறை அலமாரி செய்யும் கம்பெனியில் வரைகிறேன். வாடிக்கையாளர் சமையலறை அளவைக் கொடுத்தால் கதவு எங்கே, இழுப்பறை எங்கே என்று திரையில் கட்டிக் காட்ட வேண்டும். பதினோரு வருடமாக அடுத்தவர் வீட்டு இழுப்பறைகளைத் திறந்து மூடிச் சலித்துப் போயிருந்தபோதுதான், கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று நான்கு பேரை எடுக்கப்போவதாக அறிவித்தது. பட்டம் வேண்டாம், வயது தடையில்லை. பெயர் பதிந்துகொள்ள இரண்டு மாதம்; அது முடிந்து எட்டு வாரத்துக்குள் பத்து நிமிடம் விளையாடக்கூடிய ஒரு கேமைத் தனியாகச் செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

என் மனதில் ஒன்று ரொம்ப நாளாக இருந்தது. விடாமல் மழை பெய்யும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடி மாடியாகத் தண்ணீர் ஏறுகிறது. கையில் ஒரு விளக்கோடு ஒரு பெண் கதவு கதவாகத் தட்டி ஆட்களை மேலே ஏற்ற வேண்டும். பெயர், ‘மழை’.

வருட போனஸ் மட்டும்தான் கையில். அதற்குள் அடக்க வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டியல் போட்டேன். கலர் விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி வேண்டாம், சாதாரணத் தகரப் பெட்டி போதும். மானிட்டர், எங்கள் கம்பெனியில் கழித்துக்கட்டிய பழையது. பிராசஸர் நடுத்தரம். மிச்சம் பிடித்தது எல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்கு. விஞ்ஞானிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு லேப்டாப் வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் உதவும் என்றார். கடை வரைக்கும் வந்து, கடைக்குள்ளும் அதையே சொன்னார்.

"படம் காட்டுற ஒரு அட்டைக்குப் பாதிப் பணமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"கேம் ஓடுறதே அதுலதாங்க. மத்ததுல கையைச் சுருக்கலாம், அதுல முடியாது."

"உனக்கு யாரு சொன்னா?"

கடைக்காரர் என் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "மேடம் போட்டிருக்கிறதுதான் சார் சரி. இந்தக் காசுக்கு நானே இதைத்தான் சொல்வேன்" என்றார்.

அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விஞ்ஞானியின் முகம் சுண்டிப்போனது. கடைக்காரர் முன்னால் அவர் மூக்கு உடைந்துவிட்டதே என்று எனக்கும் சங்கடமாக இருந்தது. அதனால், "மாட்டுறது என் வேலை, பின்னாடியெல்லாம் நீ கை வைக்காதே" என்று அவர் சொன்னபோது, சரிங்க என்று ஒதுங்கிக்கொண்டேன். பெட்டியைச் சுவரோரம் தள்ளி, மேஜைக்கு அடியில் அவரே எல்லாம் செருகினார். போகட்டும், அவருக்கும் ஒரு திருப்தி என்று நினைத்தேன். அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. குடியிருப்பைக் கட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மழையைப் போட்டதும் திரை திக்கித் திக்கி நின்றது. விளக்கோடு போகும் பெண் ஒரு படி ஏறுவதற்குள் நான் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம். இதே கார்டு வைத்திருக்கும் மற்றவர்கள் பறக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

"ஒயரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்காமல் பதில் வந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. காசுக்கு ஏத்த வேகம். நான் அப்பவே சொன்னேன்."

நான் அப்பவே சொன்னேன். அந்த எட்டு வாரமும் எங்கள் வீட்டில் இதுதான் தாரக மந்திரம். நாத்தனார் போன் செய்து, "அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல அண்ணி" என்றாள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் ஒற்றைக் காலில் நின்று தப்பான பொருளை வாங்கிவிட்டேன் என்று நம்ப ஆரம்பித்தேன். நம்பியதும் கேமை வெட்ட ஆரம்பித்தேன். மழையைத்தான் முதலில் எடுத்தேன். பிறகு தண்ணீரில் தெரியும் நிழல்கள். பிறகு ஆட்கள், இருபத்தாறு பேர் இருந்த குடியிருப்பில் மூன்று பேர் மிஞ்சினார்கள். வெட்டும்போதெல்லாம் அழுகை வந்தது.

மூன்று வாரம் மிச்சம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தேன். விஞ்ஞானி மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். பேனா விழுந்துவிட்டது, எடுக்கிறேன் என்றார். மறுநாள் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் சின்னதாக ஒரு கறுப்பு ரப்பர் மூடி இருந்தது. என்னங்க இது என்றேன். ஏதோ பிரிண்டர் மூடி, தூக்கிப் போடு என்றார். எனக்கு எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மிச்சம் இருந்ததை அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "எண்ணம் நன்றாக இருக்கிறது. ஆனால் உலகம் வெறிச்சோடிக் கிடக்கிறது. 'மழை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், மழை எங்கே?" நான்கு பேரை எடுத்துவிட்டார்களாம். இனி ஆள் எடுக்கும் எண்ணம் இல்லையாம்.

கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்றேன். விஞ்ஞானி உடனே தலையாட்டினார். வாங்குகிறவர் வருவதற்குள் தானே கழற்றிக் கட்டி வைத்துவிடுவதாகச் சொன்னார். இவ்வளவு பொறுப்பா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் வாங்க வந்தவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அவர் பஸ் டிரைவர், ஐம்பது வயதிருக்கும். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் பஸ் ஓட்டும் கேம் விளையாடுவாராம். "அதுல யாரும் படியில தொங்க மாட்டாங்கம்மா, நிம்மதியா ஓட்டலாம்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவேன் என்று சொல்லி, மேஜையை இழுத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மானிட்டர் கேபிளை ஏன் இங்க மாட்டியிருக்கீங்க?"

"எங்க?"

"மேல இருக்கிற சாதாரண ஓட்டையில மாட்டியிருக்கு. கார்டு கீழல்ல இருக்கு. இப்படி மாட்டினா கார்டு சும்மா தூங்கிட்டு இருக்கும். இத்தனை நாளா அப்படியேதான் ஓட்டினீங்களா?"

கேபிளை உருவிக் கீழே செருகினார். நான் அழிக்க மனம் வராமல் வைத்திருந்த முதல் கோப்பைத் திறந்தேன். மழை கொட்டியது. ஒரு திக்கல் இல்லை. இருபத்தாறு பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள். அந்தப் பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியேறினாள்.

"அட, இது எனக்கே தெரியாமப் போச்சே" என்றார் விஞ்ஞானி, பின்னால் நின்றபடி.

டிரைவர் இன்னும் குனிந்தே இருந்தார். "கார்டுல மூணு ஓட்டைம்மா. புதுசுல தூசி போகாம மூடி போட்டுத் தருவாங்க. அதைப் பார்த்துத்தான் யாரோ மூடி இல்லாத ஓட்டையில செருகிட்டாங்க. ரெண்டு மூடி அப்படியே இருக்கு. இந்த ஓட்டையோடதை மட்டும் முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்க. கறுப்பா இருக்கும், ரப்பர்."

நான் போய்ப் பொத்தான் டப்பாவை எடுத்து வந்தேன். மூடியை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"எப்பப் பார்த்தீங்க?"

விஞ்ஞானி மென்று விழுங்கினார். "பேனா எடுக்கப் போனப்பத்தான். மாத்திடலாம்னுதான் கழட்டினேன். நீ வந்துட்டே."

"அதுக்கப்புறம் மூணு வாரம் இருந்துச்சே."

"மாத்தினா திடீர்னு எப்படி ஓடுதுன்னு கேப்பே. என்ன சொல்றது? ஏற்கெனவே கடையில அந்த ஆளு முன்னாடி என்னை ஒண்ணும் தெரியாதவனாக்கிட்டே."

டிரைவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "இது விக்கிறதுக்கு இல்லைங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். பரவாயில்லைம்மா என்று முனகிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

விஞ்ஞானி திரையைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"சரி விடு. அதான் இப்ப நல்லா ஓடுதே."

நன்றாகத்தான் ஓடியது. அனுப்ப வேண்டிய தேதி முடிந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.