ஹார்மோன் பேட்ச்சுக்கு ஓட்டெடுப்பு

மாதவிடாய் நின்ற பிறகு தோலில் ஒட்டிக்கொண்டுவரும் ஹார்மோன் பேட்ச்சை இன்னும் எத்தனை காலம் ஒட்டலாம் என்று ரயில் நிலைய அறிவிப்பாளர் கேட்டதற்கு, டாக்டர் கெடு எதுவும் வைக்கவில்லை. "நல்லதும் இருக்கு, கொஞ்சம் ஆபத்தும் இருக்கு. வருஷா வருஷம் பார்ப்போம். முடிவு உங்க கையிலதான்" என்று அனுப்பிவிட்டார். கூடப் போயிருந்த கணவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை தேர்தல் நடத்தியே பழகிய மனுஷர். முடிவாகாத விஷயம் ஒன்று வீட்டில் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"ஓட்டெடுப்பு வச்சிடலாம்" என்றார்.

வைத்தும் விட்டார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கூடத்தில் வாக்குச்சாவடியாக நின்றது. வாக்காளர்கள் மகன், மருமகள், நாத்தனார், தங்கை. முந்தின நாள் பிரசாரத்துக்குத் தடை. "அக்கா, நல்லா தூங்கினியா?" என்று கேட்ட பாவத்துக்குத் தங்கைக்கு எச்சரிக்கை கிடைத்தது.

"எனக்கு ஓட்டு?" என்று கேட்டாள் அறிவிப்பாளர்.

"பிரச்சினையே நீதான். பிரச்சினைக்கு எப்படி ஓட்டு குடுக்கறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்ச்சுக்கு முந்தைய நாட்களை அவள் மறக்கவில்லை. வியர்வையில் நனைந்த தலையணை, காரணமில்லாத அழுகை. ஒருநாள் ஊர்ப்பெயர் நினைவுக்கு வராமல், "அந்த... அங்கே போற வண்டி வருது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, பாதி ஜனம் தப்பான வண்டியில் ஏறிய கூத்தும் நடந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

பெட்டிக்குள் நுழையும்போதே நாத்தனார், "நாங்கல்லாம் இதை ஒட்டிக்கிட்டா வாழ்ந்தோம்?" என்று ஒரு போடு போட்டாள். "பிரசாரம்!" என்று விசிலடித்த கணவர், கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் அவளை வெளியே இழுத்து, கண்டித்து, மறுபடி உள்ளே அனுப்பினார். இவ்வளவு நேர்மையான மடத்தனம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

எண்ணிப் பார்த்தால் நிறுத்தச் சொல்லி இரண்டு, தொடரச் சொல்லி இரண்டு. சமமானால் தலைமை அதிகாரி ஓட்டுப் போடலாம் என்று விதியைத் தானே வாசித்து, தன் விரலில் தானே மை வைத்துக்கொண்டு, அவர் உள்ளே போனார். போனவர் வரவேயில்லை. டீ ஆறிப்போனது. நாத்தனார் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டாள். "அப்பா, நேரம் முடிஞ்சிடுச்சு" என்று மகன் பெட்டியைத் தட்டினான்.

அறிவிப்பாளர் குனிந்து பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் தேம்பிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துன்னா நீ பழையபடி ராத்திரியெல்லாம் அழுவே. தொடருன்னா, நாளைக்கு உனக்கு ஏதாவது ஆயிட்டா அது நான் போட்ட ஓட்டு. என்னால முடியலடி."

கோபமும் பாசமும் ஒன்றாகத்தான் வந்தன அவளுக்கு. உள்ளே நுழைந்து, ஒடுங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டை ஒரு பக்கம் கிழிந்தது.

"ஒரு ஓட்டுப் போடவே உங்களுக்கு இவ்வளவு பயம்னா, உடம்பை வச்சிருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். "இந்த வருஷம் ஒட்டிக்கிறேன். அடுத்த வருஷம் டாக்டரைப் பார்த்துட்டு மறுபடி யோசிக்கிறேன். முடிவு நான் எடுத்துக்கிறேன். பயப்படுறதுக்கு மட்டும் நீங்க கூட வாங்க."