தோளுக்கு ஏற்ற துவக்கு

கடைக்காரர் மூன்று துவக்குகளைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்திரகுமாருக்கு அந்தக் கேள்வி புதிது. வவுனியாவில் மைத்துனரோடு காட்டுக்குப் போய்ப் பழகியவன் அவன். அங்கே பற்றைச் செடி விலகி மான் கண்ணில் படும்போதே இருபது, முப்பது மீற்றரில் நிற்கும். தூரத்தைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

"இருநூறு மீற்றர் வரும்," என்று அவனுக்கு முந்திக்கொண்டு கொலின் சொன்னான். "என் அக்காவின் பண்ணை, கோல்பர்னுக்கு அப்பால். மொட்டைச் சரிவு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது."

கொலின் அவனோடு வேலை செய்பவன். சிட்னி நகரத்துக்குள் ஓர் அலுவலகத்தில் இருவரும் படவரைஞர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. அக்காவின் வயலுக்குள் மான்கூட்டம் இறங்கி ஆடுகளின் தீவனத்தைத் தின்கிறது என்றும், கூட்டத்தைக் குறைக்க அனுமதி எடுத்தாயிற்று என்றும், ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதிக்கு வந்தால் சுடலாம் என்றும் அழைத்தவன் அவன்தான். 1977-ஆம் ஆண்டில், இலங்கையிலிருந்து வந்து மூன்று வருடத்தில், ஒரு வெள்ளைக்காரன் தன் குடும்பத்து நிலத்துக்குக் கூப்பிட்டது இந்திரகுமாருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

கடைக்காரர் நடுவில் இருந்ததைத் தூக்கினார். "இது .243. தோட்டாவிலிருந்து பாயும் சன்னம் சிறியது, ஆனால் வேகமாகப் போகும். பாதை தட்டையாக இருக்கும். உதைப்பும் குறைவு. உங்கள் வேலைக்கு இது தாராளம்."

கொலின் சிரித்துவிட்டான். "அது பெண்பிள்ளைகளுக்கு! மனிதன் கையில் வைத்துக்கொள்ள அந்தக் கடைசியில் இருக்கிறதே, பெரிய .30-06, அதைப் பார்."

அந்தச் சிரிப்புத்தான் முடிவைச் செய்தது. இந்திரகுமார் ஐந்தடி நாலங்குலம். சட்டைக் கடையில் பையன்கள் பகுதிக்கு அனுப்பப்பட்டவன். அலுவலகத்தில் அவனைச் 'சின்னவன்' என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அன்பாகக் கூப்பிட்டாலும் அது சின்னவன்தான். அவன் கடைசித் துவக்கைக் காட்டி, "அதையே எடுக்கிறேன்" என்றான்.

மூலையில் கதிரையில் உட்கார்ந்து புதினப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி செல்வராணி தலையை நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரியில் தாதியாக இரவு வேலை முடித்துவிட்டு நேரே அவனோடு வந்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, அதை ஒருக்காத் தோளிலை வைச்சுப் பாக்கேல்லையோ?"

"பாக்கத் தேவையில்லை, ராணி."

"சப்பாத்து வாங்கினாலும் போட்டுப் பாத்துத்தானே வாங்கிறியள்."

அவன் பணப்பையை எடுத்தான். கடைக்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தோட்டாப் பெட்டி எடுக்க உள்ளே போனார்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குப் போனான். முதல் வெடியிலேயே தோளில் வைத்த துவக்கின் மரப் பிடங்கு இடித்து, பல்லோடு பல் மோதியது. இரண்டாவது வெடிக்கு முன்பே உடம்புக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விசையில் விரல் அழுந்தத் தொடங்கியதும் தோள் பின்வாங்கும். கண் தானாக மூடும். சன்னங்கள் கடதாசியில் ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று எங்கேயென்று தெரியாமல் போயின. "எப்படிப் போகிறது?" என்று கொலின் கேட்டபோதெல்லாம் "நல்லாய்ப் போகிறது" என்றான். துவக்கின் தொலைநோக்கியைத் திருகினான், வேறு தோட்டா வாங்கினான், காற்றைக் குறை சொன்னான். கண் மூடுவதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு, லிட்கம்மில் தங்கள் வீட்டுக் குளியலறையில் அவன் சட்டையைக் கழற்றியதைச் செல்வராணி பார்த்துவிட்டாள். தோள்பட்டை நாவற்பழ நிறத்தில் கிடந்தது. அவள் மருந்து எடுத்து வந்து பூசினாள்.

"மானுக்குச் சுடுறியளோ, உங்களுக்குச் சுடுறியளோ?"

"பழகினால் சரிவரும்."

"இது பழகிற காயமில்லை. நான் தினம் பாக்கிறன்."

"நீர் பேசாமல் பூசும்" என்றான். சொன்ன பிறகு அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. அவள் கோபிக்காமல் பூசி முடித்து, மூடியைத் திருகிவிட்டுப் போனாள். அதுதான் அவனை இன்னும் சுட்டது.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை விடிந்து வெகுநேரமாகியும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கொலினின் அக்கா மொறீன், கணவர் இறந்தபின் பண்ணையைத் தனியாக நடத்துபவள், அதிகம் பேசமாட்டாள். கொலின் வடக்குச் சரிவுக்குப் போக, இந்திரகுமாரும் செல்வராணியும் மேற்கு மேட்டில் படுத்துக்கொண்டார்கள். செல்வராணி சும்மா பார்க்கத்தான் வந்திருந்தாள். இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் அவனுடைய மழைக்கோட்டையும் போட்டிருந்தாள். கையில் மொறீன் கொடுத்த இருகண் தொலைநோக்கி.

ஒன்பது மணிக்கு ஐந்து பெண்மான்கள் வேலியைத் தாண்டி வெளிக்கு வந்தன. எதிரே நூற்றெண்பது மீற்றர். வெளி அவ்வளவு திறந்து கிடந்ததில் மான்கள் கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல இருந்தது. ஓரத்தில் நின்றது பக்கவாட்டில் திரும்பியது. இந்திரகுமார் மூச்சைப் பிடித்தான். விரல் அழுந்தியது. உலகம் இருண்டது. வெடித்தது.

கண்ணைத் திறந்தபோது நான்கு மான்கள் பாய்ந்தோடிக்கொண்டிருந்தன. ஐந்தாவது முதுகை வளைத்துக்கொண்டு, பின்னால் மெதுவாகப் போனது.

"வயித்திலை பட்டிட்டுது," என்றாள் செல்வராணி. பிறகு, தொலைநோக்கியை இறக்காமலே, "வெடிக்கேக்கை உங்களைத்தான் பாத்தனான், கண்ணை மூடினனீங்கள்" என்றாள்.

அவன் எழும்பி, மான் போன பக்கம் நடந்தான்.

புல்லில் இரத்தம் அங்கொரு துளி, இங்கொரு துளி. சில இடங்களில் அதுவும் இல்லை. அவன் முன்னால் குனிந்து போக, அவள் கடைசியாகக் கண்ட துளியில் நின்று கைக்குட்டையை ஆட்டுவாள். அடுத்த துளி கிடைத்ததும் அங்கே வருவாள். அந்த முறையை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வேலி, ஓர் ஓடை, ஒரு பாறைமேடு. மத்தியானம் தண்ணீர் குடிக்க நின்றபோது, "நீர் வீட்டை போம், நான் பாக்கிறன்" என்றான். "ஒரு வருத்தக்காரரைப் பாதியிலை விட்டுட்டுப் போற ஆள் நானில்லை" என்று அவள் நடந்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நீரறுத்த பள்ளத்துக்குள் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. அவர்களைக் கண்டும் எழும்பவில்லை. காதை மட்டும் திருப்பியது. ஆறு மணி நேரம் அது இப்படி இருந்திருக்கிறது என்று இந்திரகுமாருக்கு நினைப்பு வந்தது. பத்தடியில் நின்று, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு முடித்தான். பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தான். செல்வராணி கிட்ட வந்து அவனுடைய இரண்டு கைகளையும் தன் மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் மொறீனின் குசினியில் கொலின் தேநீர்க் கோப்பையை நீட்டி, "முதல் மான்! எங்கே பட்டது, தோளிலா?" என்று கேட்டான்.

"வயிற்றில்," என்றான் இந்திரகுமார். "கொலின், நான் சுடும்போது கண்ணை மூடிவிடுகிறேன். முதல் நாளிலிருந்தே. அந்தத் துவக்குக்கு எனக்குப் பயம்."

சொல்ல இவ்வளவுதான் இருந்தது. நான்கு கிழமையாக அதைச் சுமந்து திரிந்ததை நினைக்க அவனுக்கே வியப்பாக இருந்தது. கொலின் சிவந்துபோனான். "முதலே சொல்லியிருக்கலாமே, சகா" என்று முணுமுணுத்தான். கொஞ்சம் பொறுத்து, "இல்லை, நான் கேட்டிருக்க வேண்டும்" என்றான்.

"இனிச் சுடமாட்டேன். விற்றுவிடப்போகிறேன்."

மொறீன் அடுப்புப் பக்கமிருந்து திரும்பினாள். "அதை விற்றுவிடு. சுடாமல் விடுவதைக் காலையில் யோசிப்போம்."

ஞாயிறு காலை அவள் கொட்டகையிலிருந்து தன்னுடைய துவக்கைக் கொண்டு வந்தாள். பிடங்கில் கீறலும் தேய்மானமுமாக இருந்த .243. பதினொரு வருடமாக இந்தச் சரிவில் இதைத்தான் வைத்திருப்பதாகச் சொன்னாள். கொலின் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். நூறு மீற்றரில் ஒரு பிஸ்கட் தகரம் வைக்கப்பட்டது. இந்திரகுமார் ஐந்து சுட்டான்; தகரத்தில் இரண்டு. உதைப்பு தோளைத் தட்டிக்கொடுப்பதுபோலத்தான் இருந்தது, ஆனாலும் கண் பழையதை மறக்கவில்லை.

"நீ?" என்று மொறீன் செல்வராணியிடம் கேட்டாள்.

செல்வராணி அவனைப் பார்த்தாள். அவன் எழும்பி இடம் விட்டான். மொறீன் இரண்டு வார்த்தையில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, ஊசி போடுவதற்கு முன் நிற்பதைப்போல ஒரு கணம் அசையாமல் கிடந்து, மூச்சைப் பாதி விட்டு, சுட்டாள். ஐந்து முறை. கொலின் ஓடிப்போய்த் தகரத்தைத் தூக்கி வந்தான். அவளுடைய ஐந்து துளையையும் ஓர் உள்ளங்கையால் மூடலாம்.

"எப்பிடிச் செய்தனீர்?" என்றான் இந்திரகுமார்.

"தெரியாது. வெடிக்கும் எண்டு நினைக்கேல்லை. அந்த இடத்தை மட்டும் பாத்தன்."

அவனுக்குள் ஏதோ குத்தியது, இல்லையென்று சொல்ல முடியாது. சிட்னிக்குத் திரும்பும் வழியில் பாதித் தூரம் அது குத்திக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கையில் அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்காக ஒரு நாள் முழுக்க நடந்த களைப்பு. மிட்டாகொங் தாண்டும்போது அவன் காரின் சூட்டை அவள் பக்கம் திருப்பிவிட்டான். வீடு வந்து சேர்ந்தபோது குத்தல் இருந்த இடத்தில் ஒரு யோசனை இருந்தது.

கடைக்காரர் .30-06-ஐத் திருப்பி எடுத்துக்கொண்டு .243-ஐ வைத்தார். இந்தத் தடவை இந்திரகுமார் நிறையக் கேள்வி கேட்டான். நூறு கிறெயின் எடையுள்ள சன்னம் இந்த மானுக்குப் போதுமா? போதும், விலாவுக்குப் பின்னால் இல்லாமல் தோளுக்குப் பின்னால் பட்டால். காற்று எவ்வளவு தள்ளும்? இருநூறு மீற்றருக்குச் சரிபார்த்தால் இருநூற்றைம்பதில் எவ்வளவு இறங்கும்? நான்கு விரற்கடை.

"பிடங்கு உங்களுக்குச் சரியா என்று வைத்துப் பாருங்கள்," என்றார் கடைக்காரர்.

"எனக்கில்லை. என் மனைவிக்கு."

செல்வராணி வைத்துப் பார்த்தாள். பிடங்கு ஓர் அங்குலம் நீண்டதால் கன்னம் மரத்தில் படியவில்லை. கடைக்காரர் பிடங்கில் பென்சிலால் கோடு போட்டு, வெட்டித் தருவதாகச் சொன்னார்.

அவள் அனுமதிப் பத்திரம் எடுத்தாள். பயிற்சித் திடலுக்கு இருவருமாகப் போனார்கள். சுடுவது அவள். ஒவ்வொரு வெடியையும் கட்டக் கடதாசியில் குறித்து, சன்னம் ஏறி இறங்கும் பாதையைக் கோடாக வரைந்தது அவன். அந்த வேலை அவனுக்கு வந்தது. பதினாறு வருடமாகக் கோடு போட்டே சம்பளம் வாங்குகிறவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூங்காவில் நின்று மரத்துக்கு மரம் எத்தனை மீற்றர் என்று கண்ணால் மதித்து, பிறகு நடந்து எண்ணிப் பார்த்தான். ஒரு மாதத்தில் பத்து மீற்றருக்குமேல் பிசகவில்லை.

ஆகஸ்டில் அதே மேட்டில் படுத்தார்கள். ஏழு மான்கள். காற்று வலப்பக்கத்திலிருந்து மெதுவாக வந்தது.

"இருநூற்றி இருபது," என்றான் தொலைநோக்கிக்குள்ளிருந்து. "முன்னால நிக்கிறது குட்டியோடை நிக்குது, வேண்டாம். அதுக்குப் பின்னால நிக்கிறது. இன்னும் திரும்பேல்லை. பொறும்."

"பொறுக்கிறன்."

"காத்துக்கு ரெண்டு விரல் வலப்பக்கம். இப்ப திரும்புது. இப்ப."

மான் நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழுந்தது. ஒரு காலடி எடுத்து வைக்கவில்லை. மற்றவை ஓடி, நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின.

செல்வராணி துவக்கின் போல்ட்டைத் திறந்துவிட்டு முகத்தைப் புல்லில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அவன் முதுகில் கை வைத்தான்.

"நோகேல்லைத்தானே அதுக்கு?" என்று கேட்டாள்.

"இல்லை. நான் பாத்துக்கொண்டு இருந்தனான். ஒண்டுமே தெரிஞ்சிருக்காது."

அடுத்த ஞாயிறு லிட்கம் வீட்டில் மான் இறைச்சிக் கறி. ஹோம்புஷ்ஷிலிருந்து ஊர் நண்பர் கதிர்காமநாதன் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டாந்தரம் கறி போட்டுக்கொண்டு, "இந்திரன், கெட்டிக்காரன்தான்! இருநூறு மீற்றரிலை அடிக்கிறதெண்டால் லேசே?" என்றார்.

"நான் அடிக்கேல்லை, அண்ணை. ராணிதான் அடிச்சவா. நான் சுட்டால் கண்ணை மூடிப்போடுவன்."

கதிர்காமநாதன் பகிடியா என்று அவன் முகத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி விஜயா கதிரையை இழுத்துக்கொண்டு செல்வராணிக்குக் கிட்ட வந்துவிட்டாள். "மெய்யே? எப்பிடியடி? சொல்லு பாப்பம்!"

செல்வராணி கையைக் கழுவிவிட்டு வந்து, அகப்பையைத் தோளில் சாய்த்து, மூச்சை எங்கே நிறுத்துவது என்று காட்டத் தொடங்கினாள். இந்திரகுமார் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு போனான்.